மெல்பேர்ன் போனவரின் புரொஃபைல்

“மகள், உங்கட கொம்பியூட்டர் சுகமாகும் மட்டும் என்ட மீன் பாத்துக்கொண்டு நிக்காது!”

ஃபோனில் கத்தியவர் அன்ரன் முதலாளி. கொட்டாஞ்சேனைக்காரர், பேலியகொடையில் மீன் மொத்த வியாபாரம். அவருடைய குளிர் அறையில் சூடு ஏறினால் அலாரம் அடிக்கிற சொஃப்ட்வெயார், வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் ஒஃபிஸ் சேர்வரில்தான் ஓடியது. அந்தச் சேர்வர் அன்று காலை எரிந்துபோனது. பின்னேரம் அவருக்குத் துறைமுகத்திலிருந்து லொறிகளில் மீன் வருகிறது. எங்களிடம் வருவதற்கு முன், கரண்ட் போனது தெரியாமல் ஓர் அறை மீன் முழுவதும் பழுதாகி, குழி தோண்டிப் புதைத்தவர் அவர். கத்தாமல் என்ன செய்வார்?

புதிய சேர்வரில் லினக்ஸ் போட்டு, சொஃப்ட்வெயாரைக் கொம்பைல் பண்ண, தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கும் configure-ஐ ஓடவிட்டேன். சென்சருடன் பேசும் லைப்ரரி இல்லை என்று பாதியில் நின்றது. சரியென்று அதை இன்ஸ்டோல் பண்ணினேன். இல்லை என்றது. கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டேன். வேறு வேர்ஷனும் போட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லையாம். கண்ணெதிரே குந்திக்கொண்டிருக்கிற ஃபைலை இல்லை என்று சாதிக்கிற மெஷினை என்ன செய்வது? எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. மேசையில் ஓங்கி ஒரு அடி போட்டேன்.

பக்கத்து மேசை நிரோஷா திரும்பினாள். “அக்கா, config.log பாத்தனீங்களோ?”

“ஓம், கடைசி வரி பாத்தனான். இல்லையாம்.”

“அதை விடுங்கோ. எங்க தேடினதெண்டு பாப்பம்.”

configure தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் அந்த ஃபைலை இருவருமாக முழுவதும் வாசித்தோம். நடுவில் PKG_CONFIG_LIBDIR என்ற பெயருக்கு நேரே /home/jude என்று தொடங்கும் ஒரு பாதை இருந்தது. முன்பு எங்களோடு வேலை செய்த ஜூட் மெல்பேர்னில் குடியேறி வருஷக்கணக்காகிறது. எங்கள் ஒஃபிஸில் ஒரு வழக்கம் உண்டு: வெளிநாடு போகிறவருடைய செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் .profile ஃபைலை அடுத்தவர் அப்படியே கொப்பி பண்ணிக்கொள்வார். புதிய சேர்வரிலும் நான் முதல் வேலையாக அதைத்தான் போட்டிருந்தேன். வழக்கமான இடங்களை விட்டுவிட்டு ஜூட்டின் ஃபோல்டரில் மட்டும் தேடு என்பதுதான் அந்த வரியின் கட்டளை. பழைய சேர்வரில் அந்த ஃபோல்டர் இருந்தது. புதியதில் ஜூட்டே இல்லை.

அந்த வரியை அழித்து, மெஷின் நினைவில் வைத்திருந்ததையும் unset அடித்து நீக்கி, மறுபடி configure. தடங்கலில்லாமல் கடைசிவரை போனது. கொம்பைல் பண்ணும் make-உம் முடிந்தது. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தேன்.

ஜூட்டுக்கு மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது: “ஐயோ அக்கா, அது ஒரு டெஸ்டுக்குப் போட்டது. இன்னுமா வச்சிருக்கிறீங்கள்?”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் ‘இல்லை’ என்று சொன்னால் உடனே ஒன்றை இன்ஸ்டோல் பண்ணப் பாயாதீர்கள். எங்கே தேடியது, அங்கே தேடச் சொன்னது யார் என்று பாருங்கள். அநேகமாக நீங்களேதான் சொல்லியிருப்பீர்கள்.

பின்னேரம் அன்ரன் முதலாளியின் ஃபோன். பின்னால் அலாரம் அலறிக்கொண்டிருந்தது.

“மகள், கேக்குதா? மீன் இறக்கிற பொடியன்மார் கதவை ஆவெண்டு திறந்து வச்சிட்டாங்கள். என்ன வடிவா அடிக்குது பாருங்கோ!”

கதவை மூடச் சொல்லுங்கள் என்றேன். “கொஞ்சம் பொறுங்கோ மகள், இன்னும் கொஞ்சம் கேப்பம்” என்றார்.