தள்ளிப் பார்க்கச் சொன்ன தனசேகரன் சார்

தனசேகரன் சார் தவறிவிட்டார் என்று மெஸ்ஸுக்குப் பால் ஊற்ற வந்தவர்தான் சொன்னார். நான் நம்பவில்லை. வேங்கிக்காலில் அவர் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருப்பதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். அப்புறமும் சாருடைய மனைவிக்குப் போன் போட்டு, அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் கரண்டியைக் கீழே வைத்தேன். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கப் பழக்கியவரே அவர்தான்.

சாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். ஊருக்கு வெளியே இருக்கிற பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதிக்குச் சமைக்கிறேன். என் மகள் கவிதா அங்கேயே படிக்கிறாள், அதே விடுதியின் மாடியில் தங்கியிருக்கிறாள். சார் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. முன்பெல்லாம் தீப்பிடித்தால் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்க்கத் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வருவார்கள். பிறகு அந்த அதிகாரத்தைப் பல்கலைக்கழகத்திடமே கொடுத்துவிட்டார்கள். சோதனை போடுவதும், தப்பு இருந்தால் சீல் வைப்பதும் சார் கைக்கு வந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. சம்பளம் கொடுக்கிறவர்கள் மேல் இவர் எப்படிக் குற்றம் எழுதுவார்? முதல் தடவை சமையலறைக்கு வந்தபோது முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"மாமியார் வூட்டுல மாப்ள சோதனை போட்டா இன்னாத்த சார் புடிப்பாரு?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "விருந்து சாப்ட்டுட்டு கையெழுத்து போட்டுட்டுப் போவாருன்றீங்க. கரெக்ட்டுதான். என்னைய நம்பாதீங்க செல்வியம்மா."

மாடியிலிருந்து பின்பக்கம் இறங்க ஒரு படிக்கட்டு உண்டு. முன்வாசலில் நெருப்பு என்றால் பிள்ளைகள் ஓட அது ஒன்றுதான் வழி. அன்று அந்தப் படிக்கட்டின் கதவு நன்றாகவே திறந்தது. போகும்போது சார் மெதுவாகச் சொன்னார்: "நான் வர்ற சேதி எனக்கு முன்னாடி இங்க வந்துடுது. நான் வராத அன்னிக்கு ஒருக்கா தள்ளிப் பாருங்க."

இதை ஏன் என்னிடம் சொல்கிறார்? என் வேலைக்கு உலை வைக்கிறாரோ என்றுகூட யோசித்தேன். ஆனால் மேலே தூங்குவது என் பெண். கொஞ்ச நாள் கழித்துப் போய்க் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. வெளிப்பக்கம் பூட்டு.

போன் செய்தேன். சார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"பௌர்ணமின்னா கிரிவலத்துக்கு வந்து ஊரெல்லாம் கூட்டம் சார். எவனாவது உள்ள பூந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் வார்டன் மேடம். "நம்ம ஆபீசு. நீங்களே எழுதலாமா?"

"காவலுக்கு ஆள் கேளுங்க, நானும் சேந்து கேக்கறேன். நம்ம ஆபீசுன்றதாலதான் மேடம் எனக்கே என்மேல சந்தேகமா இருக்குது."

அங்கேயே பூட்டை அறுக்கவைத்தார். குற்றம் என்றும் எழுதினார். அதற்கப்புறம் பெரியவர்கள் கூடிப் பேசும் எதற்கும் அவரைக் கூப்பிடுவதில்லையாம். நான் வருத்தப்பட்டபோது, "மீட்டிங்குல குடுக்கற பிஸ்கட்டு இனிமே இல்ல, ஒடம்புல சக்கர கம்மி ஆயிடும்மா," என்றார்.

சர்க்கரை குறையவில்லை. சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். அவர் பொறுப்பை வேறொருவர் பார்த்தார்.

இரங்கல் கூட்டத்தை விடுதியின் மாடிக் கூடத்தில் வைத்தார்கள். படத்துக்கு மாலை, முன்னால் குத்துவிளக்கு, கூடம் நிறையப் பிள்ளைகள். நான் உட்காருவதற்கு முன்னால் போய்ப் பின்கதவைத் தள்ளினேன். அசையவில்லை. இடுக்கு வழியாகப் புதுப் பூட்டு தெரிந்தது. சாவி எங்கே என்று கேட்டேன்.

"இப்பப் போயி இதையா பேசறது? உக்காரு செல்வி," என்றார் வார்டன் மேடம்.

புது அதிகாரி எழுந்தார். "போன வாரம்தான் பாத்து கையெழுத்து போட்டேன். தொறந்துதாம்மா இருந்துச்சு."

"இருந்திருக்கும் சார். நீங்க வர்றது தெரிஞ்சிருக்கும். சாவி வரட்டும், அப்புறம் உக்கார்றேன்."

கவிதா எழுந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் தோழிகளும் எழுந்தார்கள். பிறகு யாருமே உட்கார்ந்திருக்கவில்லை.

சாவி வந்தது. கதவு திறந்ததும் காற்று புகுந்து சுடர் சாய்ந்தது. "கதவ சாத்துங்க, வெளக்கு அணைஞ்சிடும்," என்று யாரோ சொன்னார்கள்.

"அணைஞ்சா ஏத்திக்கலாம்," என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன்.

சார், இன்றைக்குக் கதவு திறந்திருக்கிறது. நாளைக்கும் தள்ளிப் பார்ப்பேன். நீங்கள் போய் வாருங்கள்.