ஏகநாதன் பெயர் வரும் இடங்கள்

ஏகநாதனைக் கூண்டில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று அமிர்தம் முடிவு செய்திருந்தாள். அவன் நிலத்தில் வேலை செய்தவர்கள் கூலி கூட்டிக் கேட்ட வருஷம் சேரியின் கிழக்கு வரிசை எரிந்தது. எல்லோரும் பிள்ளைகளையும் ஆட்டையும் பிடித்துக்கொண்டு வயலில் இறங்கி ஓடினார்கள். அவள் அம்மா காசம்மாள் பக்கவாதத்தில் கிடந்தவள், ஓட முடியவில்லை. அமிர்தம் அன்றைக்குக் கரையாம்புத்தூர்ப் பக்கம் நடவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். வந்து பார்த்தபோது கயிற்றுக் கட்டிலின் கால்கள் கரியாக நின்றன.

அரசாங்கம் விசாரணை வைத்தது. ஒரு நீதிபதி ஜீப்பில் வந்து, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, ஆண்களைக் கூப்பிட்டுக் கேட்டார். எழுபத்தாறில் அறிக்கை வந்தது. தீ வைத்தவர் யாரென்று தெரியவில்லை என்று முடித்திருந்தார்கள். சாட்சிகள் சொன்னதை எல்லாம் தட்டச்சு செய்து, பைண்டு போட்டு, ஒரு பிரதியைக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

“அதுல அந்தாளு பேரு எங்கெங்க வருதோ, எல்லாத்தையும் பக்கத்தோட எழுதிக்கினு வா. யாரு சொன்னது, இன்னா சொன்னாங்க. அத வெச்சு நாம தனியா கேஸ் போடலாம்” என்றார் பாண்டியில் ஒரு வக்கீல்.

அமிர்தம் வில்லியனூரில் சிஸ்டர்கள் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். களைவெட்டு இல்லாத நாளாகப் பார்த்துப் போனாள்.

ஆபீஸ் கிளார்க் சுப்பராயலு அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். “பெஞ்சுல ஒக்காராத. அது மனு குடுக்க வர்றவங்களுக்கு.”

“நானும் கவர்மெண்டு கடுதாசி பாக்கத்தான் வந்தேன்.”

“நீ பாக்க வரல, தோண்ட வந்த. கீழ ஒக்காந்து தோண்டு.”

பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முதலில் அதிகாரிகளின் வாக்குமூலங்கள். ஏகநாதன் பெயர் உடனே கிடைத்தது. தீப்பிடித்த மறுநாள் திரு. ஏகநாதன் தமது மில்லிலிருந்து அரிசி கொடுத்தார். எழுதிக்கொண்டாள். காயம்பட்டவர்களை ஏற்றிப்போகத் திரு. ஏகநாதன் லாரி அனுப்பினார். அதையும் எழுதினாள். வேட்டி, சேலை, குழந்தைகளுக்குப் பால் பவுடர். பால் பவுடர் வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கட்டி தட்டிப்போயிருந்தது. கடைசியில் அவனுடைய சொந்த வாக்குமூலம்: அன்றிரவு தான் கடலூரில் ஒரு கல்யாணத்தில் இருந்ததாக.

அவள் எழுதிக்கொண்டிருந்தபோதே ஏகநாதன் வரி கட்ட வந்தான். சுப்பராயலு எழுந்து நின்றார். “எழுந்திரும்மா, அவரு நிக்கிறாரு இல்ல?”

“நிக்கட்டும். காலு நல்லாத்தான இருக்குது.”

ஏகநாதன் குனிந்து அவள் தாளைப் பார்த்தான். “எம்பேரத் தேடுறியாமே. கெடச்சுதா?”

“கெடச்சுது. பெரிய தருமவான்னு போட்டிருக்குது.”

“அப்பறம் இன்னா? அத நாலு பேருக்குப் படிச்சுக் காட்டு.” சுப்பராயலு சத்தமாகச் சிரித்தார்.

மறுமுறை போனபோது சேரிக்காரர்களின் வாக்குமூலங்களுக்கு வந்தாள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். பலராமனுடையதில் அந்தப் பெயர் இல்லை. செல்லப்பனுடையதில் இல்லை. அப்புறம் அவள் புருஷன் அந்தோணிசாமியின் பக்கம். பொழுது சாயும்போது ஆண்டை ஆட்களோடு தெருக்கோடியில் நின்றார். உங்களுக்கெல்லாம் இனிமேல் கூரை எதற்கு என்று ஆண்டை கேட்டார். ராத்திரி பந்தம் கொண்டுவந்தவர்களோடு ஆண்டையும் இருந்தார், என் கண்ணால் பார்த்தேன்.

மற்றவர்களுடையதைத் திரும்பப் படித்தாள். எல்லாவற்றிலும் ஆண்டை இருந்தார். அடியில் நீதிபதியின் குறிப்பு: இப்பகுதிக் கூலியாட்கள் நிலக்காரர் எவரையும் ஆண்டை என்றே அழைக்கின்றனர், சாட்சிகளில் ஒருவரும் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “ஏன்யா அவம்பேரச் சொல்லல?”

அந்தோணிசாமிக்குப் புரியவில்லை. “சொன்னேனே. ஆண்டைன்னு சொன்னேன்.”

“எந்த ஆண்டை?”

“இன்னாடி கேக்கற? நமக்கு எத்தினி ஆண்டை? ஊருக்கே தெரியும்.”

“ஜட்ஜிக்குத் தெரியுமா? அவரு இந்த ஊருல நடவு நட்டாரா?”

“எங்கப்பன் அந்தப் பேர வாயால சொன்னதில்ல. எனக்கு எப்பிடி வரும்?”

“எங்கம்மா வெந்தப்பகூட வரலியா?”

அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவள் பலராமன் வீட்டுக்குப் போனாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். செல்லப்பன் பெண்சாதி வாசலிலேயே மறித்து, “ஒனக்கு ஆயி போயிட்டா, எங்களுக்கு வேலையும் போவணுமா?” என்று கத்தினாள்.

கடைசியில் அந்தோணிசாமியை ஏசி, அழுது, பட்டினி கிடந்து, வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனாள். வக்கீல் பேனாவைத் திறந்தார். “பெரியவரே, ஆண்டைன்னு சொல்லியிருக்கீங்க. அது யாரு?”

“அவருதாங்க.”

“அவருன்னா?”

“எங்க ஆண்டைங்க.”

“பேரு?”

அந்தோணிசாமி தரையைப் பார்த்தான். வாய் திறந்தது. “மில்லு... மில்லு வெச்சிருக்காருங்களே” என்றான்.

“ஏகநாதன்” என்றாள் அமிர்தம். “நான் சொல்றேன், எழுதுங்க.”

“நீ பாக்கலியேம்மா. பாத்தவரு சொல்லணும்.” அந்தோணிசாமியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வக்கீல் பேனாவை மூடினார். அவள் எழுதிக்கொண்டுவந்த தாளை எடுத்துப் பார்த்தார். “இதக் கொண்டுபோனா அந்தாளுக்கு மெடல்தான் குடுப்பாங்க” என்று திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அவன் முன்னால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தூங்குகிறவன் மாதிரி. தவளக்குப்பத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். பஸ் நின்றது. அவன் அசையவில்லை. தாலி கட்டிய நாளிலிருந்து அவனை ‘இந்தாய்யா’ என்றே கூப்பிட்டு வந்தவள் எழுந்து நின்றாள்.

“டேய் அந்தோணிசாமி, எறங்குடா.”

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டக்டர் விசிலை உதட்டில் வைத்தபடி நின்றான்.

அவன் துண்டை விலக்கி அவளைப் பார்த்தான். அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள், இன்னும் சத்தமாக.