சித்தி நிறுத்தாத ஸ்டாப்

எங்கள் சித்தி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இதைச் சொன்னால் ஆளாளுக்குப் புருவத்தைத் தூக்குவார்கள். தூக்கியது கீழே இறங்கட்டும் என்று காத்திருந்து நான் அடுத்ததைச் சொல்வேன்: லீவு நாளில் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போதும் அவள் ஓட்டுவது பேருந்துதான். வண்டி என்னவோ பக்கத்து வீட்டு மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய எட்டு சீட் வேன். ஆனால் வழியில் பஸ் ஸ்டாப் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், சித்தியின் கால் அவளைக் கேட்காமலே பிரேக்குக்குப் போய்விடும். ஓரம் கட்டுவாள். கண்ணாடியைப் பார்ப்பாள். யாரும் ஏறவில்லை என்று உறுதியானதும்தான் கிளம்புவாள். பதினாறு வருடப் பழக்கம். கேட்டால், "நான் எங்கடி நிறுத்தினேன், அதுவா நிக்குது" என்பாள்.

இரண்டு வருடம் முன்பு, வருடத்துக்கு ஒரு முறை போகும் ஏரிப் பயணத்தில், ஒரு ஸ்டாப்பில் ஒரு அம்மா உண்மையாகவே இரண்டு பிள்ளைகளோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்குங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சந்தை வாசலில் இறக்கிவிட்டோம். இறங்கும்போது, "திரும்பிப் போற வண்டி எப்ப?" என்று கேட்டார். "அடுத்த வருஷம்" என்றேன். என் முதுகில் என் அம்மாவின் கை விழுந்தது.

எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் குடியிருக்கும் சித்திக்கு நாற்பத்தொரு வயது. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. ஸ்டீயரிங்குக்கு மேலே முகம் தெரிய வேண்டுமே என்று தடிமனான ஒரு மெத்தைத் துண்டைக் கையோடு எடுத்துப் போவாள். டிப்போவில் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர். அறுபது பேரை வைத்துக்கொண்டு வளைவில் திரும்பினால் நிற்கிறவன் கையில் இருக்கும் டீ சிந்தாது. குறுக்கே புகுந்தவனை ஜன்னல் வழியாக அவள் கேட்கும் கேள்விகளை மட்டும் இங்கே எழுத முடியாது. அப்பேர்ப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம் வாய் கட்டிப்போய்விடும். அது அவள் அக்கா. அதாவது என் அம்மா.

திட்டுவாள் என்ற பயமெல்லாம் இல்லை. அம்மா திட்டுவது எங்கள் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கும், நாங்கள் பாட்டுக்குத் தூங்குவோம். விஷயம் வேறு. சித்திக்கு முப்பது வயதாக இருந்தபோது சொந்தக்காரர்கள் மூன்றாவதாக ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். "எனக்குக் கல்யாணமே வேண்டாம், வண்டி ஓட்டுறதே போதும்" என்று சித்தி சொல்லிவிட்டாள். எல்லாரும் தையத்தக்கா என்று குதித்தார்கள். அம்மா ஒருத்திதான் தங்கைக்காக நின்றாள். சும்மா நிற்கவில்லை. அவர்கள் இருவருக்கும் மூத்தவளான பெரியம்மாவோடு பேச்சையே முறித்துக்கொண்டாள். "என் தங்கச்சிக்கு வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று பதினொரு வருடமாக ஊர் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது சித்திக்கே ஒருவரைப் பிடித்துவிட்டது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அக்காவிடம் போய்ச் சொல்வாள்?

எனக்கு இது தெரிய வந்தது என் சொந்த அயோக்கியத்தனத்தால். மாதம் ஒரு முறை புது நம்பரிலிருந்து சித்திக்குப் போன் செய்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தொலைந்த பொருள் அலுவலகம். உங்க பஸ்ல ஒரு பல் செட் கிடைச்சிருக்கு, உங்களுதா?" என்று கேட்பது வழக்கம். போன மாதம் மூக்கைப் பிடித்து முடிப்பதற்குள் சித்தி நம்பரைக்கூடப் பார்க்காமல் எடுத்துவிட்டாள். "ம்... சாப்டாச்சா?" என்றாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் யாரையும் அவள் அப்படிக் கேட்டதில்லை. நான் மூக்கிலிருந்து கையை எடுத்து, சத்தமில்லாமல் போனை வைத்துவிட்டேன். பாதியில் விட்ட ஒரே சேட்டை அதுதான்.

புது நம்பர் என்றாலே நான்தான் என்று சித்திக்குத் தெரியும். சாயங்காலம் என்னைத் துணி காயப்போடும் இடத்துக்குக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னாள். காலை ஆறு பத்து வண்டியில் முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவர். மனைவி இறந்து பல வருடமாகிறதாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. "அக்காகிட்ட நான்தான் சொல்லணும். நீ வாயத் திறந்த, ஸ்பீட் பிரேக்கர்ல பொதைச்சிடுவேன்" என்றாள்.

இலை கொட்டும் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் ஏரிக்குப் போவோம். அம்மா ஆஸ்பத்திரியில் துணி அறையைப் பார்த்துக்கொள்கிறாள்; அப்பா ரொட்டிக்கடையில் அடுப்படியில் நிற்கிறார்; சித்திக்கு ஷிப்ட். மூன்று பேருக்கும் ஒரே நாளில் லீவு விழுவது அபூர்வம். அதனால் வருடம் முழுக்கச் சொல்லாமல் விட்டதையெல்லாம் வேனில் வைத்துச் சொல்வோம். பாலம் தாண்டியதும் சேதி நேரம் ஆரம்பம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வரக் கூடாது. பேசி முடித்தவர் "முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும். வண்டியில் வைத்துச் சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது என்பதுதான் அம்மா கண்டுபிடித்த சூட்சுமம்.

இந்த வருடம் ஏரிக்குக் கிளம்பும் காலையில் சித்தி வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"சித்தி, இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

"போன வாரமும் இதான் சொன்ன."

"போன வாரம் அக்காவுக்குத் தலைவலி."

"அதுக்கு முந்தின வாரம்?"

"எனக்குத் தலைவலி." துணியை உதறினாள். "இன்னைக்குத் தப்பிக்க முடியாதபடி ஒரு வழி பண்ணிட்டேன். பேசாம ஏறு."

என்ன வழி என்று சொல்லவில்லை. எல்லாரும் ஏறினோம். "படியில யாரும் நிக்கலையே?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். நான் கதவில் இரண்டு தட்டு தட்டி "ரைட், போலாம்" சொன்னேன். சொல்லாவிட்டால் அவளுக்குக் கியர் விழாது.

தெருவெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகக் கிடந்தது. வண்டி போகப் போக இலைகள் பின்னால் எழுந்து, கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, சலித்துப்போய் உட்கார்ந்தன. பாலம் தாண்டினோம். முதலில் அப்பா.

"கடையில புது அடுப்பு வந்திருக்கு. நல்லாதான் இருக்கு. முடிஞ்சது."

"ஒரு வருஷத்துக்கு இவ்ளோதானா?" என்றாள் அம்மா.

"முட்டி வலிக்குது. இப்ப முடிஞ்சது" என்று கண்ணை மூடிக்கொண்டார். விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைகிற மனிதர்; உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுவார்.

அடுத்து நான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் தையல் வகுப்பில் சேர்ந்த கதை அவர்களுக்குத் தெரியும். போன வாரம் டீச்சரின் கோட்டையும் மேஜை விரிப்பையும் சேர்த்துத் தைத்துவிட்டதை மட்டும் சொன்னேன்.

"தெரியாம தச்சியா, தெரிஞ்சு தச்சியா?"

"அம்மா, குறுக்க பேசக் கூடாது. முடிஞ்சது."

அப்போதுதான் சித்தி தொண்டையைச் செருமினாள். "அக்கா... அடுத்த ஸ்டாப்ல ஒருத்தர் ஏறுவார்."

"நீ நிறுத்துற அழகுக்கு ஒருத்தர் என்னடி, ஒரு கல்யாணக் கூட்டமே ஏறும்" என்றாள் அம்மா. நான் சிரித்தேன். அப்பா தூக்கத்திலேயே சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் வண்டி நின்றது. ஒல்லியாக, உயரமாக ஒருவர் காகிதப் பை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல மடிப்பு மடிப்பாக இருந்தது. கதவைத் திறந்து, குனிந்து, ஏறி உட்கார்ந்தார். "வணக்கம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இன்னொரு சந்தை கேஸ்!

விடுவேனா? பிஸ்கட் அட்டையில் டிக்கெட் மாதிரி ஒரு துண்டு கிழித்தேன். "உள்ள தள்ளி உக்காருங்க சார். எங்க போகணும்?"

"ஏரிக்கு."

"போக மட்டுமா, போக வரவா?"

அவர் நிமிர்ந்து முன் கண்ணாடியைப் பார்த்தார். "டிரைவரம்மா எப்படிச் சொல்றாங்களோ அப்படி."

சித்தியின் காதுகள் இரண்டும் சிவந்துபோயின. அட்டைத் துண்டு என் கையிலேயே நின்றுவிட்டது. ஆறு பத்து வண்டி, முதல் ஸ்டாப். இவர்தான்!

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வழியில் ஏறிய மனிதரை முகம் சுளிக்காமல் கொண்டுபோய் விட வேண்டும் என்பதோடு அவள் யோசனை நின்றுவிட்டது. "நாங்களும் ஏரிக்குத்தான் போறோம், உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் சேதியை ஆரம்பித்தாள். புதிதாக ஓர் ஆள் கேட்கக் கிடைத்ததில் உற்சாகம் வேறு. அவளை மேற்பார்வையாளராகப் போட்டது, மூக்குக் கண்ணாடி மாற்றியது எல்லாம் வந்தது. பிறகு எங்கள் தெருவைப் பற்றிய பேச்சுக்கு வந்தாள்.

"இந்த இலை அள்ளுற மெஷின்காரன் இருக்கானே, அவனுக்குத் தூக்கமே கிடையாதா? காலங்காத்தால அஞ்சு மணிக்கு வந்து, ஏதோ யானைக்குச் சளி புடிச்ச மாதிரி உறிஞ்சிக்கிட்டுப் போறான். நீங்களே சொல்லுங்க, நியாயமா?"

"அது நான்தாங்க" என்றார் அவர்.

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார்.

அம்மா சமாளித்துக்கொண்டாள். "அப்படிங்களா... சுத்தமா அள்ளுறீங்க. அத நான் குறை சொல்லல. ஆனா அஞ்சு மணிக்கு என்னங்க அவசரம்?"

"வெளிச்சம் வந்தா கார் எல்லாம் வந்து நின்னுடும். இலை அடியில போய் மாட்டிக்கும். அஞ்சரைக்குள்ள உங்க பக்கம் முடிச்சு மெஷினை விட்டுட்டு, மத்த பூங்கா வேலைக்கு ஆறு பத்து பஸ்ஸப் புடிப்பேன்."

ஆறு பத்து என்றதும் நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அது சித்தியின் வண்டி என்று அவளுக்குத் தட்டவில்லை. அவள் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டாள்.

"கடைசி சேதி. பெரியக்கா போன் பண்ணினா. பதினொரு வருஷம் கழிச்சு! 'இன்னுமாடி அவளை வீட்லயே வெச்சிருக்க, ஒரு இடம் இருக்கு'ங்குறா. நான் விடுவேனா? என் தங்கச்சிக்கு யாரும் வேண்டாம், இனி இந்தப் பேச்சை எடுக்காதேன்னு வெச்சுட்டேன்." பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "முடிஞ்சது. இப்ப நீ சொல்லுடி."

வேனில் காகிதப் பை நசுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சித்தி தேவையில்லாமல் கியரை மாற்றினாள். எதையாவது கொளுத்திப் போட்டுப் பேச்சை மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். மாற்றினால் இன்னொரு தலைவலி வாரம் ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன், அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

சாலை வளைந்தது. வளைவு தாண்டியதும் ஒரு பஸ் ஸ்டாப். கூரை மேலும் பெஞ்சு மேலும் இலை. வண்டி வேகம் குறையவில்லை. ஸ்டாப் எதிரே வந்தது, பக்கத்தில் ஓடியது, பின்னால் போய்விட்டது.

அப்பா திடுக்கிட்டு எழுந்தார். "என்ன, பிரேக் புடிக்கலையா?"

"ஏய், ஸ்டாப்பை விட்டுட்டியே!" என்றாள் அம்மா.

"ஏற வேண்டியவர் ஏறியாச்சு, அக்கா" என்றாள் சித்தி. சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து, சின்னக் குரலில், "முடிஞ்சது."

அம்மா மெதுவாகத் திரும்பினாள். அவர் மரியாதைக்கு எழுந்து நிற்கப் பார்த்து, வேன் கூரையில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டார்.

ஏரி வந்து வண்டி நின்றதும் அம்மா இறங்கி விறுவிறுவென்று கரையோரமாக நடந்தாள். சித்தி பின்னால் ஓடினாள். அப்பா அவரைப் பார்த்து, "டீ குடிக்கிறீங்களா?" என்று பிளாஸ்க்கைத் திறந்தார். நான் மரம் மரமாக ஒளிந்து போய் ஒட்டுக்கேட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷம்."

"ஒரே வீட்ல, ஒரே குழாய்ல பல்லு வெளக்கிக்கிட்டு, ஒன்றரை வருஷம்!"

"எனக்காக நீ பெரியக்காவையே விட்ட. வேண்டாம்னு சொன்னவளே இப்ப வேணும்னு வந்து நின்னா, நீ போட்ட சண்டையெல்லாம் வீணாயிடுமே அக்கா."

அம்மா நின்றாள். காலடியில் இருந்த இலையைச் செருப்பால் தள்ளினாள்.

"அடி லூசு. கல்யாணம் கூடாதுன்னா நான் சண்டை போட்டேன்? நீ சொன்னதுதான் நடக்கணும்னு போட்டேன். அன்னைக்கு வேண்டாம்ன. இன்னைக்கு வேணும்ங்குற. ரெண்டும் உன் வாயால வந்ததுதானே?" மூக்கை உறிஞ்சினாள். "என் ஆத்திரமே வேற. அந்த மனுஷன் முன்னாடி என்னை வாய் கிழிய பேச விட்டுட்டு வேடிக்கை பாத்த பாரு."

"நான் எங்க அக்கா வேடிக்கை பாத்தேன்? ரோட்டைப் பாத்தேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பியவள் மரத்தின் பின்னால் என் பாவாடையைப் பார்த்துவிட்டாள். "வெளிய வாடி, ஒற்றர் படை" என்றாள்.

திரும்பி வந்தபோது அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். காகிதப் பையை அம்மாவிடம் நீட்டினார். ஆப்பிள்கள். பாதி நசுங்கியிருந்தன.

"சமைப்பீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"முட்டை வரைக்கும் வரும்."

"இவளுக்கு அதுவும் வராது. சரி, எப்ப வெச்சுக்கலாம்னு இருக்கீங்க?"

அவர் சித்தியைப் பார்த்தார். "இலை முடியணும்க்கா. இந்த சீசன்ல எங்களுக்கு ஒரு நாள் லீவு குடுக்க மாட்டாங்க. மரமெல்லாம் மொட்டையானதும்தான்."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மேலே இன்னும் தகதகவென்று இருந்தது.

"பாதி அப்படியே இருக்கேங்க" என்றார் அப்பா கவலையாக.

நான் சும்மா இருப்பேனா? அவர் தலைக்கு மேல் இருந்த மரத்தைக் கட்டிப்பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினேன். மடிப்புச் சட்டை மேலும் டீயிலும் இலையாகக் கொட்டியது. சித்தி கைகொட்டிச் சிரித்தாள். "இன்னும் உலுக்குடி!" என்றாள். இன்னொரு உலுக்கு. கிளைக்கு நடுவில் வானம் கொஞ்சம் தெரிந்தது.

மூன்றாவது முறை கையை வைத்தபோதுதான் உறைத்தது. இது முழுக்க மொட்டையானால் கல்யாணம் முடிந்து சித்தி கிளம்பிவிடுவாள். பின்கட்டு அறையில் கட்டில் மட்டும் இருக்கும். கையை எடுத்துவிட்டேன்.

"என்னடி, அவ்வளவுதானா?" என்றாள் சித்தி.

"கை வலிக்குது" என்றேன்.