செவ்வாய்க்கிழமை வராத நிஷா

டோனர் வாசனை தெரியுமா உங்களுக்கு? மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பேப்பர், கையில் வாங்கினால் பொரித்த அப்பளம் போல லேசாகச் சுடும்... ஆவடி ஸ்டேஷன் பக்கம், பாபு அண்ணனின் டி.டி.பி. சென்டரில் அந்த வாசனையோடுதான் என் பிஎச்.டி. ஆசை ஆரம்பித்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அப்போது ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கிளாஸ் டீச்சர், கணக்கு டீச்சர் இரண்டும் நான்தான். கல்வியியலில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்ய ப்ரபோசல் கொடுக்க வேண்டும். தலைப்பு, பிள்ளைகள் ஏன் அடிக்கடி லீவு போடுகிறார்கள் என்பது.

காரணம் எனக்கு முன்பே தெரியும் என்ற நினைப்பு வேறு. அம்மா அப்பா வேலைக்குப் போகிறார்கள், வீட்டில் கவனிப்பில்லை... அவ்வளவுதான். ஒரு பிள்ளையிடம்கூடக் கேட்பதற்கு முன்பே, "வீட்டுச் சூழலே முக்கியக் காரணம்" என்று முடிவையும் சேர்த்து டைப் செய்ய வைத்துவிட்டேன். அப்படி ஒரு திமிர்!

பேருக்கு ஒரு பைலட் ஸ்டடி, அதாவது முன்னோட்ட ஆய்வு, வேண்டுமே. என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் கேள்வித்தாள் கொடுத்தேன்.

"பேரு எழுத வேணாம். யாரு எழுதினதுன்னு மிஸ்ஸுக்கே தெரியாது. தைரியமா எழுதுங்க" என்றேன்.

கடைசிக் கேள்வி: லீவு போட்ட நாளில் நீ ஏன் வரவில்லை?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் அடிக்காத மிஸ். திட்டாத மிஸ். எப்போதும் சிரித்த முகம். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன்.

அன்று சாயங்காலம் பாபு அண்ணன் பதில்களை ஒவ்வொன்றாக வாசித்தபடி டைப் செய்துகொண்டிருந்தார். காய்ச்சல்... தங்கச்சியைப் பார்த்துக்கணும்... ஊரில் கல்யாணம்... எல்லாம் நான் நினைத்தபடியே வந்தது. பக்கத்துக் கடை பஜ்ஜியைத் தின்றுகொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கீபோர்டு சத்தம் நின்றது.

"மேடம், இத்த கேளுங்களேன். 'எங்க கணக்கு மிஸ் நல்ல மிஸ். திட்ட மாட்டாங்க. தப்பா போட்டா சிரிப்பாங்க. அப்புறம் எல்லாரும் சிரிப்பாங்க. செவ்வாக்கிழமை போர்டுல கணக்கு போடச் சொல்லுவாங்க. அதனால அன்னிக்கு வயித்து வலின்னு அம்மா கிட்ட சொல்லிடுவேன்.'"

படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரு மேடம் இந்த மிஸ்ஸு? சிரிச்சே புள்ளைய தொர்த்தி வுட்டுகீறாங்களே!"

நான் எந்தப் பாடம் எடுக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. கையிலிருந்த பஜ்ஜியை மேஜையோரம் வைத்தேன்.

"யாரோ ஒரு மிஸ்ஸுண்ணே... நீங்க அடிங்க" என்றேன். பொய்.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் குட்டிக் குட்டி வட்டம். ஜூன் மாதத்திலிருந்து அந்த நோட்டைத் திருத்துகிறேன், எனக்கா தெரியாது? நிஷா. மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம். யார் எழுதியதென்று தெரியாது என்று பெரிதாக வாக்குக் கொடுத்தேனே, எந்த டீச்சருக்குப் பிள்ளைகளின் கையெழுத்து தெரியாமல் இருக்கும்...

மறுநாள் காலை முதல் வேலையாக அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் திறந்தேன். நிஷாவின் வரிசையில் விரலை வைத்துக்கொண்டே போனேன். செவ்வாய், சிவப்பு மை. அடுத்த செவ்வாய், சிவப்பு மை. அதற்கடுத்ததும். எல்லாம் என் கையால் நானே போட்ட ஆப்சென்ட். இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு புதன்கிழமையும், "என்ன நிஷா, வயித்து வலி போயிடுச்சா?" என்று அவளிடம் கேட்டிருக்கிறேன்.

அதையும் சிரித்துக்கொண்டே.

என் பிஎச்.டி. கைடுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"ஒரே ஒரு ஷீட் தானேம்மா? அதை எடுத்துடுங்க. முப்பத்தொன்பது போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கலைன்னா இந்த வருஷம் போயிடும்."

சாயங்காலம் மறுபடி டி.டி.பி. சென்டர். கைடு சொன்னதைக் கேட்டுவிட்டு பாபு அண்ணன் மவுஸில் கையை வைத்தார்.

"அந்த ஒண்ண தூக்கிடட்டா மேடம்? முடிவுதான் மொதல்லயே அடிச்சி வெச்சிகீறோமே."

"வேணாம்ணே. முடிவைத் தூக்குங்க."

"இன்னா மேடம் சொல்றீங்க?"

"அந்தக் கணக்கு மிஸ் நான்தாண்ணே."

அவர் முடிவு இருந்த இடத்துக்கு மவுஸை நகர்த்தினார். அந்தப் பத்தியை செலக்ட் செய்து அழித்தார். பிறகு ஸ்க்ரீனைப் பார்த்தபடியே, "உடுங்க மேடம். தெரிஞ்சிகினா பண்ணீங்க..." என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வருஷம் பதிவு செய்யவில்லை. அடுத்த வருஷம்தான், வேறு தலைப்பில்.

நிஷாவிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. கேட்டால், எழுதியது அவள்தான் என்று எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிந்துவிடும். செய்ய முடிந்தது ஒன்றுதான். போர்டுக்கு யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினேன். இஷ்டப்பட்டவர்கள் வரலாம். தப்புக்குச் சிரிப்பதையும் நிறுத்தினேன். பழக்கதோஷம், உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டியிருந்தது.

எத்தனையோ வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ஜன்னலோரத்தில் நிஷா இருந்தாள். இன்னும் சில வாரம் போனபின் தானாகவே எழுந்து போர்டுக்கு வந்தாள். கணக்கைப் போட்டாள். தப்பு. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினாள்... கணக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை மறக்க முடியவில்லை.

"ரெண்டாவது வரியை மட்டும் இன்னொரு தடவை பாரும்மா" என்றேன்.

இப்போதும் வகுப்பில் சர்வே எடுக்கிறோம். எல்லாம் ஆன்லைன் ஃபார்ம். பேப்பர் சூடு கிடையாது, டோனர் வாசனை கிடையாது. பாபு அண்ணன் கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. நாற்பது பிள்ளைகளின் பதிலும் ஒரே மாதிரி எழுத்தில் வந்து நிற்கிறது. எழுதியது யார் என்று இப்போது மிஸ்ஸுக்கு நிஜமாகவே தெரியாது. நியாயமும் அதுதான்.

ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குட்டி வட்டங்களைக் கண் தேடுகிறது... இந்த நாற்பதில் யார் நிஷா என்று தெரியவில்லை. அதனால் யார் தப்பாகப் போட்டாலும் சிரிப்பதில்லை.