கிட்னி மேன்முறையீடும் தவமணியின் கால்வலியும்

கடிதம் எழுதிக் கொடுக்கிற தொழிலில் கையை விடக் காதுக்குத்தான் வேலை அதிகம். ஹட்டனில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து சிங்களத்திலும் தமிழிலும் மேன்முறையீடு எழுதிக் கொடுக்கிறேன். "நிராகரிக்கப்பட்டது" என்ற கடிதத்தோடு இனி எந்தக் கதவைத் தட்டுவது என்று நின்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். ராஜமாணிக்கம் அண்ணனின் கோப்பைப் பற்றி உங்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

எந்தப் பாதி?

அண்ணன் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். காலைத் தாங்கித் தாங்கி மாடி ஏறி வந்தார். இராணுவத்தில் லொறி ஓட்டியவர் என்றதும் எனக்கு ஆச்சரியம். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. "ட்ரைவர் வேலைக்கு ஆள் எடுத்தாங்க, போனேன்" என்றார், அவ்வளவுதான். கண்ணிவெடியில் லொறி கவிழ்ந்து இடது கால் நொறுங்கியது. அதற்கு ஊனக் கொடுப்பனவு கிடைக்கிறது. இப்போது இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அந்த நோயையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பித்திருந்தார்.

வந்த பதிலை வாசித்துச் சொன்னேன். கால் காயம் சேவையால் வந்தது. சிறுநீரக நோய் சேவை முடிந்து பல வருடம் கழித்து வந்தது, ஆகவே சேவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அண்ணன் கடிதத்தின் மேல் விரலை வைத்தார். "மிஸ், காலும் நானு, கிட்னியும் நானு. பட்டாளத்துக்குப் போனது இதுல எந்தப் பாதின்னு கொஞ்சம் கேட்டு எழுதுங்க."

வலிக்கும்போது மட்டும்

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். ஒரு டாக்டர் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தார்: "வலி மாத்திரை? எவ்வளவு காலம்?" கேள்விக்குறி இருந்தது, பதில் இல்லை. பதிலில்லாத கேள்வியைக் கண்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அடுத்த முறை மனைவியையும் கூட்டி வரச் சொன்னேன்.

மனைவி தவமணி அக்கா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். அண்ணனிடம்தான் முதலில் கேட்டேன்: காலுக்கு மாத்திரை போட்டீர்களா? "போட்டேன் மிஸ். வலிக்கும்போது மட்டும்" என்றார். அதுவரை சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "இவருக்கு எப்ப வலிக்கலன்னு கேளுங்க மிஸ்."

பதினொரு வருடக் கால்வலி

சாட்சி வேண்டுமே. தோட்டத்து மருந்தகத்தில் பழைய பதிவேடுகள் இருக்கும் என்று நானே போனேன். அங்கே மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரி ஐயா பெட்டியைத் திறந்து காட்டினார். பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் தேடினேன். ராஜமாணிக்கம் என்ற பேர் ஒரு பக்கத்திலும் இல்லை. ஆனால் வாரம் தவறாமல் வேறு ஒரு பேர் வந்துகொண்டே இருந்தது: தவமணி, கால்வலி, வலி மாத்திரை.

தோட்டத்தில் வேலைக்குப் பேர் இல்லாதவர்களுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பது அப்போது தோட்டத்தை நிர்வகித்த துரையின் உத்தரவாம். அண்ணனுக்கோ தோட்டத்தில் பேர் இல்லை; பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு முழு நாள் பயணம். ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தம்மாவுக்குப் பதினொரு வருசமாக் கால்வலிங்க. ஆனா மலையேறுறதப் பாத்தா மான் தோத்துரும்."

அதே வாய்

சாட்சி கிடைத்துவிட்டது, ஆனால் அதைத் தொட முடியவில்லை. அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். பொய் சொல்லி மருந்து வாங்கினாள் என்று இப்போதுள்ள துரையின் காதுக்குப் போனால் வேலை என்னாகும்? அண்ணன் "விட்டுருங்க மிஸ், எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று கோப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

நாலாம் நாள் அக்கா தனியாக வந்தார். மலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அண்ணன் சுருட்டிக்கொண்டு போன கோப்பை என் மேசையில் வைத்தார். டிஸ்பென்சரி ஐயாவும், மாத்திரை யாருக்கு என்று தெரிந்தே கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். "எழுதுங்க மிஸ். பொய்யச் சொன்ன வாயாலயே உண்மையையும் சொல்லிப்புடறேன்."

கொழும்பில் ஒரு கேள்வி

மேன்முறையீட்டை விசாரித்த மருத்துவ சபையில் மூன்று டாக்டர்கள். அக்காவுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்பதால் மொழிபெயர்க்க நானும் போயிருந்தேன். நடுவில் இருந்தவர் பதிவேட்டின் பிரதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், இத்தனை வருடத்தில் உங்களுக்கு உண்மையில் கால்வலி இருந்ததா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அக்கா சற்றும் தயங்கவில்லை.

"அப்ப இல்லீங்க. இப்ப இருக்கு."

தீர்ப்பு

தோட்டத்தில் விஷயம் தெரியாமல் இல்லை. புதிய துரை அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். கடைசியில், இனி யாருக்கு மருந்து வேண்டுமோ அவர் பேரிலேயே எழுதுங்கள் என்று டிஸ்பென்சரி ஐயாவிடம் சொல்வதோடு விட்டுவிட்டார்.

மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு பேரும் என் முன்னால் உட்கார, வாசித்தேன். கால் காயத்துக்காக நீண்ட காலம் உட்கொண்ட வலி மாத்திரைகளே சிறுநீரகம் பழுதாகக் காரணமாக இருந்திருக்கலாம், மேன்முறையீடு ஏற்கப்படுகிறது. நான் சிரித்தபடி நிமிர்ந்தேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்ப... நான் வாங்கியாந்து குடுத்த மாத்திரைதானா மிஸ்?" என்றார்.

அண்ணன் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தச் சிங்கள எழுத்தைப் பார்த்துவிட்டு மடித்தார். "அது இல்லாட்டி இத்தன வருசம் நான் எந்திரிச்சே நின்னுருக்க மாட்டேன் புள்ள. இவங்க அதையும்ல எழுதியிருக்கணும்."

அரசாங்கப் படிவத்தில் எதற்கெல்லாமோ கட்டம் போட்டிருக்கிறார்கள்; அண்ணன் சொன்னதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்றுதான் இத்தனை வருடம் எழுதியும் எனக்குப் பிடிபடவில்லை.