அழுகையில் பண்ணிய சத்தியம்

விளாங்குடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது தவமணியின் அண்ணன் போனில் அழைத்தார். "சார், தங்கச்சி போயிருச்சு. காலைல நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றாமல் அங்கேயே நின்றேன். எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி தவமணியுடையது. கடைசிவரை தற்காலிக விரிவுரையாளர்.

அவரை அறிந்தவர்களுக்கும் அவர் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டின் கதை பாதிதான் தெரியும். மறுமலர்ச்சிக் கால ஆங்கில நாடகங்களில், செத்தவனுக்காகப் பழிவாங்குவேன் என்று கொதித்துச் சபதம் செய்கிறவன் நாளாக ஆகத் தளர்ந்துவிடுகிறான். கோழை என்றார்கள் சில அறிஞர்கள். யோசித்தே கெட்டான் என்றார்கள் வேறு சிலர். தவமணி இரண்டையும் ஏற்கவில்லை. சபதம் செய்தது அவனல்ல, அவனுடைய துக்கம். துக்கம் ஆறியதும் அந்தச் சபதத்துக்கு ஆளில்லை என்று எழுதினார்.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார் அவருடைய ஆய்வு நெறியாளர்.

"எங்க அப்பா எழவு வீட்டுல இருந்துச்சு சார். தங்கச்சிய காலேஜுல படிக்க வைப்போம்னு அண்ணன்மாரு பொணத்து முன்னாடி சத்தியம் பண்ணி அழுதாக. கருமாதி முடிஞ்ச மறுநாளே மாப்பிள்ளை பாக்கக் கெளம்பிட்டாக. அழுகைல பண்ணுன சத்தியத்துக்கு ஆயுசு அம்புட்டுத்தேன்."

நெறியாளர் சிரித்தார். இழவு வீட்டுக் கதையெல்லாம் ஆய்வாகாது, அந்த இயலை எடுத்துவிடு என்றார். தவமணி எடுக்கவில்லை. கையெழுத்து விழவில்லை, பட்டம் வரவில்லை, நிரந்தர வேலைக்கான வாய்ப்பும் போயிற்று. "எடுத்துத் தொலைச்சுட்டுப் பட்டத்த வாங்கும்மா" என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

"எடுத்துட்டா அதுல நான் எங்க இருக்கேண்ணே?" என்றார்.

பசுமலையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அதே நெறியாளர் மேடையில் தேம்பினார். "தவமணியின் ஆய்வை ஓர் எழுத்துக் குறையாமல் நூலாக்குவோம். இது சத்தியம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டியவர்களை அன்றுதான் பார்த்தேன்.

கருமாதி முடிந்ததும் நெறியாளரைப் போய்ப் பார்த்தேன். "பாப்பம்யா, இப்ப என்ன அவசரம்? அந்த ஒரு இயல மட்டும் எடுத்துட்டா யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்ட ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது. தவமணி எழுதியது சரிதான் என்பதற்கு இந்த மனிதரா சாட்சியாக வேண்டும்?

அண்ணனிடமிருந்து ஆய்வேட்டை வாங்கி வந்து, சாயங்காலங்களில் நானே கணினியில் அடித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சத்தியம் செய்யவில்லை. இப்போதைக்கு இந்தக் கோபம் என்னைப் பிடித்து உட்கார வைக்கிறது. இது ஆறிய பிறகும் உட்காருவேனா என்று பயமாக இருக்கிறது. தவமணி எனக்கு விட்டுப்போனது அந்தப் பயத்தைத்தான்.