அழிக்காமல் விட்ட குரல்

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்களைக் கூப்பிடுகிறவளுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் மைக்கக்கா. பகலெல்லாம் எண்கள்தான். வேலை முடிந்து ஸ்டுடியோவுக்குப் போனால் அங்கேயும் மைக். பெரிய பாடகிகள் கேட்டுப் பழகுவதற்காகப் பாட்டை முதலில் இவள் பாடிக் கொடுப்பாள். அதற்கு டிராக் என்று பெயர். அவர்கள் பாடி முடித்ததும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். எத்தனை வருஷம்தான் ஒருத்தி அழிந்துகொண்டே இருப்பாள்? ஒரே ஒரு பாட்டிலாவது தன் குரல் தங்காதா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதற்கும் சோதனை வந்தது, சொந்தத் தம்பி ரூபத்தில். கிட்டார் வாசிக்கிறவன். அவனுடைய பாண்டின் முதல் ராக் பாட்டை வெளியிட ஆடியோ கம்பெனிக்காரர் சம்மதித்தார், ஒரு பெரிய பாடகி பாடுவதானால்.

"நீ டிராக் மட்டும் பாடிக் குடுத்துடுக்கா," என்று தலையைச் சொறிந்தான் தம்பி.

அந்த மெட்டு பிறந்ததே அவள் சமையலறையில். அவள் பாத்திரம் தேய்த்தபடி பாடப் பாட, அந்த உச்சக் குரலுக்குத் தோதாக அவன் கிட்டாரில் கட்டியது. இருந்தாலும் பாடிக் கொடுத்தாள். தம்பியாயிற்றே, என்ன செய்வது!

பெரிய பாடகி வந்தார். தங்கமான மனுஷி, குரலும் தேன்தான். ஆனால் பல்லவியின் உச்சியில் மூச்சு முட்டியது. சுருதியை இறக்கினார்கள். கிட்டார் கம்பிகள் தொளதொளத்தன, பாட்டு தூங்கி வழிந்தது. ராக் என்று சொல்லிவிட்டுத் தாலாட்டையா வெளியிடுவது?

'நல்லா வேணும்' என்று அவளுக்குள் ஒரு குரங்கு குதித்தது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கியது.

"பரவால்லடா, இப்படியே விட்டுரு. பாட்டு வெளிய வந்தா போதும்," என்றாள்.

தம்பி கிட்டாரைக் கழற்றி வைத்தான். "இது உன் அளவுக்குத் தைச்ச சட்டைக்கா. வேற யாருக்கும் மாட்ட மாட்டேன். வராட்டிப் போகட்டும்."

கம்பெனிக்காரர் முறைத்தார். பாடகியோ டிராக்கை முழுசாகப் போடச் சொல்லிக் கேட்டார்.

"இத அழிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"ஊத்திக்கிட்டா என்கிட்ட வந்து நிக்காதீங்க," என்று வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார் கம்பெனிக்காரர்.

வெளியான வாரம் பாட்டு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள்! பஸ்ஸில், சலூனில், காய்கறிக் கடையில், எங்கே திரும்பினாலும் அதுதான். கம்பெனிக்காரர் இப்போது தம்பியைத் தேடித் தேடி வந்து நின்றார்.

ஆஸ்பத்திரியில் மட்டும் யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலை வழக்கம்போல அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடியபடி கூடம் நிறைய ஆட்கள். அவர்களில் ஒரு லாரி ஓட்டுநர் காதைத் தீட்டிக்கொண்டு எழுந்தார்.

"கொஞ்சம் இரும்மா. அந்தப் பாட்டுல உச்சிக்குப் போறது நீதானே?"

"ஆமாண்ணே. நான்தான்," என்றாள்.

கண்ணைத் திறக்காமலே எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கக்கா மைக்கை அணைக்க மறந்து அழுதாள். அது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.